எம்டன் குண்டும் எங்க ஆயா வீட்டுக் கருவாடும்

காசிமேட்டில் சின்னப் பிள்ளையாக நான் என்ன சேட்டை பண்ணினாலும் ஆயா சொல்வது ஒன்றுதான்: "சரியான எம்டன்டா நீ!" எமகாதகன் மாதிரி ஏதோ திட்டு என்று நினைத்திருந்தேன். அது ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று தெரிந்தபோது எனக்கு இருபது வயசு.

1914 செப்டம்பர் 22, முதல் உலகப் போர் நேரம். அமாவாசை கழிந்து மூணு நாள், கும்மிருட்டு. ராத்திரி ஒன்பதரை இருக்கும். ஆயாவோட அம்மா அப்போ சின்னப் பொண்ணு. வீட்டில் எல்லாரும் படுத்தாச்சு. டமார்! இடி என்று நினைத்து, மணலில் காயப்போட்ட கருவாட்டை அள்ள ஓடியிருக்கிறார்கள். மழையைக் காணோம். தெற்கே துறைமுகத்துப் பக்கம் வானம் செக்கச்செவேல் என்று கிடந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்துக்குள் நூறு குண்டுக்கு மேல் போட்டுவிட்டு எம்டன் கப்பல் போயே போய்விட்டது. ஆனால் ஜனத்துக்கு நம்பிக்கை வரவில்லை, மெட்ராஸே காலியான மாதிரி ஓடினார்கள். எங்க வீட்டார் செங்குன்றம் வரை நடந்தே போய், சொந்தக்காரர் திண்ணையில் ஒரு மாசம் கிடந்தார்களாம். பாத்திரம் பண்டமெல்லாம் வீட்டோடு. கருவாட்டு மூட்டை மட்டும் தலையில்!

நவம்பரிலேயே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று கோகோஸ் தீவுப் பக்கம் எம்டனை முடித்துவிட்டது. ஆயா வாயில் அது கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது.

ராயபுரத்திலிருந்து ஒருவர்:
எங்க தாத்தா "அந்தக் கப்பல்ல செண்பகராமன் பிள்ளையே வந்தாரு" என்று, ஜெர்மனியில் இருந்த அந்த சுதந்திரப் போராட்டக்காரரைப் பற்றி அடித்துப் பேசுவார். ஆதாரம் கேட்டால் சண்டைதான். அவர் கண்ணால் பார்த்தது வேறு: 1949 செப்டம்பர், ராபின்சன் பூங்கா, தி.மு.க. தொடக்கக் கூட்டம். கொட்டுகிற மழையில் அண்ணா பேசுகிறார். என்ன பேசினார் என்று கேட்டால் தாத்தா மழுப்புவார். புதுச் செருப்பில் ஒன்று சேற்றோடு போனதை மட்டும் அரை மணி நேரம் சொல்வார், அதுவும் இடது கால் செருப்பு என்று.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து இன்னொருவர்:
எம்டன் குண்டு விழுந்ததற்கான கல்வெட்டு ஹைகோர்ட் கிழக்குச் சுவரில் இருக்கிறது. பதினஞ்சு வருஷம் பீச் ஸ்டேஷனில் இறங்கி அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். ஒரு நாள் கூடக் கண்ணில் படவில்லை. அங்கே மாங்காய்ப் பத்தை விற்கிற அம்மாதான், "இன்னாப்பா, தினம் இத்தயே ஒரசினு போற, அந்தக் கல்ல பாத்ததே இல்லியா?" என்று காட்டினார்.