தெர்மாகோல் ஒட்டினால் மாடிச் சத்தம் குறையுமா?

கொத்துக்கரண்டி:
"பழைய வீட்டுச் சீலிங்கில் ஒரு அங்குலத் தெர்மாகோல் ஒட்டினேன், மாடிச் சத்தம் பாதியாகிவிட்டது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பத்துப் பேர் கைதட்டல் வேறு. தெர்மாகோலில் 98 சதவீதம் காற்று. சத்தத்தை மறிக்க எடை வேண்டும். தளத்தின் எடையை இரட்டிப்பாக்கினாலே கணக்குப்படி 6 டெசிபல்தான் குறையும். இந்தக் காற்றுப் பொட்டலம் எதை மறிக்கும்?

திருவல்லிக்கேணிக்காரன்:
அந்த ஒருவர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். எங்கள் வீடு தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு நடுவே அளவாக வெட்டிச் செருகி ஒட்டினேன். முன்பெல்லாம் மாடியில் நாற்காலி இழுத்தால் எனக்குப் பல் கூசும். இப்போது இல்லை. என் காதை நம்பவா, உங்கள் கணக்கையா?

கொத்துக்கரண்டி:
காசு கொடுத்த காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

சிவில்காரன்:
ஒரு நிமிடம். பேச்சும் டிவியும் காற்று வழியாக வருவது வேறு, காலடியும் நாற்காலியும் தளத்தை அதிரவைத்து வருவது வேறு. முதலாவதற்கு எடையும் இடுக்கடைப்பும் வேண்டும். இரண்டாவதை மாடியிலேயே பாய், கம்பளம் போட்டு மட்டுப்படுத்த வேண்டும். கீழேதான் செய்ய முடியும் என்றால், தளத்தோடு ஒட்டாமல் தொங்கும் ஜிப்சம் பலகை, உள்ளே ராக்வூல், அதாவது கல்லை உருக்கி இழைத்த பஞ்சு. உங்களுக்குத் தொல்லை எந்தச் சத்தம்?

திருவல்லிக்கேணிக்காரன்:
அதெல்லாம் சரி சார். தெர்மாகோல் வேலை செய்யுமா, செய்யாதா?

கொத்துக்கரண்டி:
செய்யாது.

மாடிவீட்டு மருமகள்:
நான் மாடியில் குடியிருப்பவள். கிரைண்டருக்கு அடியில் பழைய டியூபை மடித்து வைத்தேன், நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டினேன். கீழ்வீட்டு அம்மா இப்போது சிரிக்கிறார். இதை யாரும் கண்டுகொள்ள மாட்டீர்கள், தெரியும்.

கொத்துக்கரண்டி:
மெட்ராஸ் டெரஸ் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டைமேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். என் அப்பா செய்த வேலை. அந்த எடைக்கு அடியில் தெர்மாகோலா? கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் காரை விட்டு இடுக்கு விழுந்திருக்கும், அங்கே சுண்ணாம்பு வைத்து அடைத்தாலாவது பேச்சுச் சத்தம் குறையும்.

மழைக்காலம்:
கடுக்காய்த் தண்ணீர் மொட்டைமாடிக்குத்தானே? நடுத்தளத்தில் மழையா பெய்கிறது?

கொத்துக்கரண்டி:
போன ஐப்பசியில் சுண்ணாம்புத் தளத்தின்மேல் தார்ஷீட் ஒட்டச் சொன்ன மகான் நீங்கள்தானே? உங்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை.

ஜெர்மனிவாசி:
இங்கே தளத்துக்கும் மேல் காரைக்கும் நடுவே தெர்மாகோல் போடுவது உண்டு. காலடிச் சத்தத்துக்காகவே.

திருவல்லிக்கேணிக்காரன்:
ஆஹா! ஜெர்மன்காரனே போடுகிறான். இப்போது என்ன சொல்கிறீர்கள் கரண்டியாரே?

கொத்துக்கரண்டி:
அவன் போடுவது தளத்துக்கு மேலே. அதுவும் இதற்கென்றே மிருதுவாக்கிய வகை. அதன்மேல் இரண்டு அங்குலக் காரை, சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. அந்தக் காரை சுவரைத் தொடாமல் மிதக்கும். நீங்கள் ஒட்டியது கீழே. உங்கள் தாத்தா கட்டைமேல் 100 கிலோ ஏற்றிப் பாருங்கள், சத்தமே இருக்காது, மாடியும் இருக்காது.

திருவல்லிக்கேணிக்காரன்:
ஆக, தெர்மாகோல் வேலை செய்யும் என்று ஒத்துக்கொண்டீர்கள்.

கொத்துக்கரண்டி:
யார் ஒத்துக்கொண்டது? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாடியில் பையனை ஓடவிடுங்கள். ஒட்டியபடி ஒரு தடவை கேட்போம், பிய்த்துவிட்டு ஒரு தடவை.

திருவல்லிக்கேணிக்காரன்:
பிய்க்க முடியாது. பெயின்ட் அடித்தாகிவிட்டது.

கொத்துக்கரண்டி:
அதானே பார்த்தேன்.

மழைக்காலம்:
கடுக்காய்க்கு இன்னும் பதில் வரவில்லை.