பேராசிரியர் ஐயாவை அறிந்தவர்கள் எழுதுங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

சென்ற மாதம் பேராசிரியர் ஐயா காலமானார். நாளிதழில் நான்கு வரி வந்தது. மதவியல் பேராசிரியர், ஓய்வுபெற்றவர், வயது எண்பத்தொன்று. எனக்கு அந்த நான்கு வரி போதவில்லை. அவரிடம் படித்தவர்களும் கோயில்களில் அவரைப் பார்த்தவர்களும் நினைவில் இருப்பதை எழுதுங்கள். முதலில் நான் எழுதுகிறேன்.

1983இல் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவி ஆனேன். அவர் படித்த காலத்தில் வெஸ்ட்வில் வளாகமே இல்லை. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கிற சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், 1961இல் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று ஒரு கல்லூரி திறந்தது. அதுதான் பின்னால் இந்தப் பல்கலைக்கழகம் ஆனது. முதல் ஆண்டே படகேறிப் போனவர்களில் அவரும் ஒருவர். "நம்மை ஒதுக்கி வைக்கக் கட்டிய இடம் அது. அங்கே போகாதே என்று நண்பர்கள் தடுத்தார்கள். எனக்குப் படிக்க வேண்டும் என்ற வெறி" என்று சொல்வார். அந்த முடிவு அவரைக் கடைசிவரை உறுத்திக்கொண்டிருந்தது என்றே நினைக்கிறேன்.

ஏன் மதவியல் என்று ஒருமுறை கேட்டேன். சிறுவயதில் பள்ளியில் ஓர் ஆசிரியர், அவருடைய அம்மா கும்பிட்ட மாரியம்மனைப் பேய் என்று வகுப்பறையில் சொல்லிவிட்டாராம். "எது மதம், எது மூடநம்பிக்கை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்" என்றார்.

எங்களுக்கு அவர் கொடுத்த முதல் வேலை, புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வருவது. "ஏன் நம்புகிறீர்கள் என்று யாரையும் கேட்காதீர்கள். என்ன செய்கிறீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று மட்டும் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். நான் கோயிலுக்குப் போனேன், ஒரு மூதாட்டியிடம் பேசினேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஆகமம், சிற்பம் என்று இருபது பக்கம் நிரப்பிவிட்டேன். கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே குறிப்பு: "ஆகமம் நூலகத்தில் இருக்கிறது. கோழியைக் கையில் பிடித்திருந்த அந்த அம்மாள் எங்கே?"

அந்த அம்மாள் சொன்னதை மறுபடி உட்கார்ந்து எழுதினேன். "எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தாள். பொங்கலுக்கு விடுமுறை கிடையாது. ஈஸ்டருக்குத்தான் துரை விட்டான். அதனால் ஈஸ்டரில் அம்மனைக் கூப்பிட்டோம். எந்த நாளில் கூப்பிட்டாலும் அவள் வருவாள்." டர்பன் இருக்கிற இந்த நேட்டால் பகுதியில் மாரியம்மன் திருவிழா புனித வெள்ளியில் நடப்பதன் காரணம் இந்தச் சில வாக்கியங்களில் இருக்கிறது. நான் அதைத்தான் விட்டுவிட்டிருந்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அக்கா, நான் படித்தவள் இல்லை. பதினேழு வருடம் எங்கள் மாரியம்மன் கோயிலில் தீ மிதித்தவள். ஐயா வருடம் தவறாமல் வருவார். கேமரா கொண்டுவர மாட்டார். வேட்டி கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், குழிக்கு அருகே கையில் நோட்டுப் புத்தகத்துடன் நிற்பார். அதில் அவர் எழுதியது முழுவதும் தமிழ். பாடம் நடத்துவது ஆங்கிலத்தில்தான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

என் அம்மாவிடம் விரத முறையை இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த வாரம் மறுபடி வந்து, எழுதியதை வாசித்துக் காட்டி, "சரியா அம்மா?" என்று கேட்டார். அம்மா இரண்டு இடத்தில் இல்லை என்றார். அங்கேயே அடித்துத் திருத்தினார். ஒரு பேராசிரியர் தன் சொல்லுக்காக எழுத்தை அடித்ததை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களும் மிதிக்கலாமே" என்று என் அண்ணன் கேட்டதற்கு, "நான் மிதித்தால் என் கால் சுட்டதைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பேன். உங்கள் கால் மறந்துபோகும்" என்றார்.

அவரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். இங்கே மாரியம்மனும் திரௌபதையும் ஒருவரோடு ஒருவர் கலந்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். என் அம்மனைக் கலப்படம் என்கிறாரே என்று எனக்குக் கோபம். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களில் பலர் வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள், அங்கே திரௌபதைக்குத் தீமிதி பெரிய திருவிழா, வந்த இடத்தில் இரண்டு அம்மனுக்கும் ஒரே குழிதான் வெட்ட முடிந்தது என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு முழு சமாதானம் ஆகவில்லை. இன்றும் ஆகவில்லை. ஆனால் நான் சொன்ன மறுப்பையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

லெனேசியாவிலிருந்து, ஆசிரியர்:

சுருக்கமாக எழுதுகிறேன். 2003இல் கல்வி அமைச்சர் காதர் அஸ்மால் காலத்தில் மதமும் கல்வியும் பற்றிய தேசியக் கொள்கை வந்தது. அரசுப் பள்ளியில் ஒரு மதத்தைப் போதிப்பதை விட்டு எல்லா மதங்களைப் பற்றியும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்களில் பலருக்குக் குழப்பம், சிலருக்கு எதிர்ப்பு. அப்போது ஐயா எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தினார்.

கேப் டவுன் பேராசிரியர் டேவிட் சிடெஸ்டர் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கினார். ஆப்பிரிக்க மக்களுக்கு மதமே கிடையாது என்று ஐரோப்பியர்கள் முதலில் எழுதினார்கள். அவர்களை அடக்கி ஆட்சிக்குள் கொண்டுவந்த பிறகுதான் அவர்களுக்கும் ஒரு மதம் உண்டு என்று கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னதும் என் அருகில் இருந்த சூலு இன ஆசிரியை எழுந்து, தன் பாட்டி முன்னோர்களுக்குப் படைப்பதை மறைவாகச் செய்ததைச் சொன்னார். ஐயா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். மதிய உணவு நேரம் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை.

ஐசிப்பிங்கோவிலிருந்து:

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்களில் என் கொள்ளுப்பாட்டியும் ஒருத்தி. வெஸ்ட்வில் வளாகத்து காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கப்பல் பதிவேடுகளைப் பார்க்கப் போனபோது, ஓய்வுபெற்ற பின்பும் அங்கே வந்துகொண்டிருந்த ஐயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடல் அடையாளம் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. இடது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. ஊரின் பெயர் மட்டும் புரியவில்லை. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருந்தார். ஐயா அதைச் சத்தமாக, மெதுவாக, வேகமாக, மூக்கால், தொண்டையால் என்று பலவிதமாக வாசித்துப் பார்த்தார். பத்தாவது தடவையில் அது தமிழ் ஊராக மாறியது. நான் அழுதுவிட்டேன். அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தங்கைக்கு ஒரு செய்தி. அந்த நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் அவர் வீட்டில் அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எதில் என்ன இருக்கிறது என்று பிரித்து எழுதி வைக்க ஆள் கேட்கிறார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போகிறேன். தமிழ்க் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள். அவருடைய எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி கொண்டுவாருங்கள்.