தப்பான கிரெடிட் கார்டு வந்துவிட்டது: ரத்து செய்யலாமா, மாற்றலாமா?

சேலம் நண்பர்களுக்கு வணக்கம். விமான மைல் சேரும் விசா கார்டுக்கு அவசரப்பட்டு விண்ணப்பித்துவிட்டேன். என் செலவெல்லாம் லீ பஜார் மளிகையும் ஏற்காடு போய்வர பெட்ரோலும்தான். அங்கே கடைக்குக் கடை கியூஆர் அட்டைதான் தொங்குகிறது. யுபிஐயில் இணைய ரூபே (விசா போலவே, நம் நாட்டு கார்டு நெட்வொர்க்) கிரெடிட் கார்டு வேண்டும், விசா இணையாது. இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கார்டு வந்து 12 நாள். உறை பிரிக்கவில்லை, ஆக்டிவேட்டும் செய்யவில்லை. 30 நாள் தாண்டினால் வங்கி ஓடிபி கேட்கும், சம்மதிக்காவிட்டால் 7 வேலை நாளில் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதுவரை சும்மா இருப்பதா, இப்போதே எழுதிக்கொடுத்து மூடுவதா? பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டு 7 வேலை நாள் கடந்தால், நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பதும் தெரியும்.

என் கவலை சிபில் (நம் கடன் வரலாற்றுக்கான மதிப்பெண்) தான். விண்ணப்பித்ததால் அதில் ஏறிய விசாரணைப் பதிவு கார்டை மூடினாலும் அழியாது, உடனே வேறு கார்டு கேட்டால் இன்னொன்று ஏறும். அதே வங்கியிலேயே ரூபேக்கு மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? புதிதாக விசாரணைப் பதிவு விழுந்ததா? அஞ்சு ரோடு பக்கக் கிளைகளில் இதைச் செய்கிறார்களா, கஸ்டமர் கேர் மட்டும்தானா? தயவுசெய்து சொல்லுங்கள்.