புதுப்பிப்பு: ஜாங்கோ படிவத்தில் சலுகைக் கட்டத்தை மறைப்பது

போன வாரம் கேட்டிருந்தேன்: அம்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டருக்காக ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் உருவாக்க உதவும் கட்டமைப்பு) செய்யும் சேர்க்கைப் படிவத்தில், கட்டணச் சலுகைக் கட்டம் அலுவலக ஊழியர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும், பெற்றோருக்குத் தெரியக் கூடாது, எப்படி என்று. கட்டத்தைத் திரையில் காட்டாமல் மறைக்கும் ஹிட்டன்இன்புட் விட்ஜெட் போட்டால் போதும் என்று அப்போது நினைத்தேன்.

போதாது. சனிக்கிழமை நானே சோதித்தேன். குரோமில் வலது கிளிக், இன்ஸ்பெக்ட் (பக்கத்தின் உள்ளே இருக்கும் கோடைக் காட்டும் வசதி). மறைந்திருந்த கட்டம் 0 என்ற மதிப்போடு அப்படியே இருந்தது. அதை 5000 ஆக்கி அனுப்பினேன். டேட்டாபேஸில் 5000 என்றே பதிவானது. ஒரு குடும்பத்தின் கட்டணக் கணக்கு இவ்வளவு எளிதாக மாறியதைப் பார்த்து நிஜமாகவே பயந்துவிட்டேன்.

இப்போது படிவம் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடுக்கு, படிவத்தைத் திறந்திருக்கும் யூசரையும் அனுப்புகிறேன். அவர் ஸ்டாஃப் இல்லையென்றால், படிவத்தின் கட்டங்கள் எல்லாம் இருக்கும் ஃபீல்ட்ஸ் டிக்‌ஷனரியிலிருந்து அந்தக் கட்டத்தையே பாப் செய்து நீக்கிவிடுகிறேன். யார் எதைத் திணித்து அனுப்பினாலும் ஜாங்கோ அதைக் கண்டுகொள்ளாது. மாடலில் (டேட்டாபேஸ் அட்டவணையை வரையறுக்கும் இடம்) உள்ள டிஃபால்ட் 0 பதிவாகும். ஒன்று கவனியுங்கள்: யூசரை சூப்பர் அழைப்புக்கு (ஜாங்கோவின் சொந்த இனிட்டை ஓட்டும் வரி) முன்னால் எடுக்க வேண்டும், கட்டத்தை அதற்குப் பின்னால் நீக்க வேண்டும். வரிசை மாறினால் பிழைதான் வரும்.

அப்புறம், கிளையின் பெயர் தெரியலாம், மாற்றக் கூடாது. அதற்கு அந்தக் கட்டத்தில் டிசேபிள்ட்=ட்ரூ என்ற அமைப்பு. ஜாங்கோ 1.9 முதல் இருக்கிறது. பிரவுசரில் மாற்றி அனுப்பினாலும் தொடக்க மதிப்பையே எடுத்துக்கொள்ளும்.

பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன்.