புதுப்பிப்பு: தல்வார் கைப்பிடி ஆடுவது அரக்கினால்தான், ஆனால் தட்டில் வேறு கதை

முன்பு கேட்டது இதுதான்: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வீடொன்றிலிருந்து வந்த தல்வாரில் (இந்திய வளைவாள்) அலகு ஒரு மில்லிமீட்டர் ஆடுகிறது, உடைந்து ஒட்டியதா, அரக்கு விட்டுப்போனதா?

அரக்குதான். தல்வாரில் அலகின் வால், அதாவது கைப்பிடிக்குள் போகும் பகுதி, குட்டை. குடைவான இரும்புக் கைப்பிடிக்குள் அரக்குக் கலவையை உருக்கி விட்டு அதை நிறுத்துவார்கள்; குறுக்காணி பெரும்பாலும் இருக்காது. அரக்கு காய்ந்து நொறுங்கினால் ஆட்டம் வரும். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டியபோது கைப்பிடி வாயில் இருந்தது ஆரஞ்சாக ஒளிர்ந்தது. அது அரக்கின் நிறம்; எபோக்சி (செயற்கைப் பசை) என்றால் பெரும்பாலும் நீலவெள்ளை.

எதிர்பாராதது கைப்பிடி முனையிலுள்ள வட்டத் தட்டில். அது கழுத்தோடு சேருமிடத்தில் பித்தளைப் பற்று தெரிகிறது. பழைய கொல்லர்களும் பித்தளையால் பற்றவைத்ததுண்டு, ஆகவே மஞ்சள் நிறம் மட்டும் சாட்சியாகாது. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: இங்கே பித்தளை வழிந்து துருக்குழிகளுக்குள் இறங்கியிருக்கிறது. அதாவது துரு முந்தியது, பற்று பிந்தியது. வெள்ளிப் பூவேலையும் அந்த இடத்தில் அறுந்து, அரம் போட்ட கீறல்தான் மிச்சம். தட்டு ஒருமுறை கழன்று மாட்டப்பட்டது.

கேஸ் அடுப்பில் காட்டி அரக்கை இளக்க வேண்டாம்; சூடு அதிகமானால் அலகின் பதமும் வெள்ளியும் போகும். அரால்டைட் என்ற எபோக்சிப் பசையும் ஊற்றாதீர்கள், பிறகு பிரிப்பது மிகக் கடினம். இந்த ஊர் ஈரத்துக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும், தோல் உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.