உதவி: லயத்து வீட்டில் மின்சார பில் திடீரென ஏறிவிட்டது, சோலார் கிடைக்குமா? (அவசரம்)

பொகவான்தம்பி
பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம். இந்த மாத பில் போன மாதத்தைப் போல் இரண்டரை மடங்கு வந்திருக்கிறது. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. அம்மா கொழுந்து எடுத்துச் சம்பாதிப்பதில் இதை எப்படிக் கட்டுவது? போன கிழமை ஒருவர் தோட்டத்துக்கு வந்து, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாக சோலார் கொடுக்கிறது, படிவத்துக்கு 2,500 ரூபாய் என்று சொல்லிவிட்டுப் போனார். நாளை மீண்டும் வருகிறாராம். கொடுக்கலாமா? யாராவது உடனே சொல்லுங்கள்.

மஸ்கெலியா மழை
எத்தனை அலகு? எத்தனை நாள் கணக்கு? பில் யார் பெயரில்? எதையுமே சொல்லாமல் இரண்டரை மடங்கு என்றால் எங்களுக்கு என்ன விளங்கும் தம்பி?

குளிர்காற்று
பிரிட்ஜ்தான், சந்தேகமே இல்லை. கதவின் ரப்பர் தேய்ந்தால் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ரப்பரை மாற்றிய பிறகுதான் நிம்மதி.

பொகவான்தம்பி
எங்களிடம் பிரிட்ஜ் இல்லை.

பழைய வயர்மேன்
இதே கேள்விக்கு மூன்று வருடமாக இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இன்னொரு முறை எழுதுகிறேன், கவனமாகப் படிக்கவும். இலங்கையில் வீட்டுப் பாவனைக்கு 30 நாளைக்கு 60 அலகுதான் எல்லை. அதற்குள் இருந்தால் குறைந்த விலை. 61 ஆனால், அந்த ஓர் அலகுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் அலகிலிருந்தே வேறு விலை. நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். கொஞ்சம் கூடுதலாக எரித்தாலே பில் துள்ளுவது இதனால்தான். மின்மானி பார்க்கிறவர் பிந்தி வந்தார் என்று அழவும் வேண்டாம். 33 நாள் கணக்கென்றால் எல்லையும் 66 ஆகிவிடும். முதலில் அலகைச் சொல்லும்.

பொகவான்தம்பி
போன மாதம் 52. இந்த மாதம் 75, 31 நாள். பில் பாட்டி பெயரில். பாட்டி இறந்து ஆறு வருடமாகிறது.

மஸ்கெலியா மழை
அப்படியென்றால் 23 அலகு எங்கிருந்தோ வந்திருக்கிறது. வெந்நீர் வைக்கும் கேத்தல் இருக்கிறதா? 1,500 வாட் கேத்தலை நாளுக்கு அரை மணி நேரம் போட்டால் மாதத்துக்கு 22 அலகு சொச்சம். இந்தக் குளிரில் எல்லோரும் செய்வதுதான்.

பொகவான்தம்பி
வெந்நீர் விறகில்தான். டிவி, மூன்று எல்ஈடி பல்பு, அயன், போன் சார்ஜர். அவ்வளவுதான்.

ஹட்டன் சந்தி
பில்லை விடுங்கள், சோலாருக்குப் போடுங்கள். இந்தியாவில் 2024 பெப்ரவரியில் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கொடுக்கிறார்கள். வந்தவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பழைய வயர்மேன்
அது இந்தியாவில் மின் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு. பொகவந்தலாவை எப்போது இந்தியாவுக்குப் போனது? இங்கே 2016இல் வந்த சூரிய பல சங்கிராமய என்ற கூரை சோலார் திட்டத்தில் அதற்கான பணத்தை நீர்தான் போட வேண்டும். கிடைக்கும் மின்சாரத்தைக் கணக்கில் கழிப்பார்கள் அல்லது விலைக்கு வாங்குவார்கள். ஒரு கிலோவாட் மாதத்துக்கு நூறு அலகு சொச்சம் தரும், உங்கள் ஊர் மூடுபனியில் அதற்கும் குறையும். 52 அலகு எரிக்கிற வீடு கடன் பட்டு சோலார் போடுவது, கொசுவுக்குத் துப்பாக்கி எடுத்த கதை.

லிந்துல அக்கா
தம்பி, முதலில் படிவக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதே. மின்சார சபையின் தொலைபேசி இலக்கம் 1987க்கு அழைத்து அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று கேள். இரண்டாவது, வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, மானியைப் போய்ப் பார். சிவப்பு விளக்கு நின்றுவிட்டதா, மினுக்குகிறதா? அதை வந்து சொல்.

ஹட்டன் சந்தி
இலவசம் என்றாலே ஏன் பயப்படுகிறீர்கள்? என் தம்பி கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே வருமானம் குறைந்தவர்களுக்கு பில்லில் 30 முதல் 35 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும் என்று மின் கம்பனிகளுக்கு அரசின் கட்டளை. இன்னொரு திட்டத்தில் வீட்டுக்கே ஆள் வந்து கதவு இடுக்கை அடைத்து, பழைய பிரிட்ஜை மாற்றிக் கொடுப்பார்கள். இலவசமாக.

பழைய வயர்மேன்
அதற்குரிய பணம் மற்றப் பாவனையாளர்களின் பில்லில்தான் ஏறுகிறது, அதையும் உங்கள் தம்பியிடம் கேளுங்கள். நம் நாட்டிலும் 60க்குக் கீழே மலிவாகக் கொடுப்பதை மேலே எரிப்பவர்கள்தான் சுமக்கிறார்கள். தவிர, தனி வீட்டுக்கு இலவச சோலார் அங்கேயும் சொந்த வீட்டுக்காரருக்குத்தான். லயக் கூரை யாருடையது? 1992இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போன தோட்டத்தினுடையது. துரை, அதாவது தோட்ட மேலாளர், கையெழுத்துப் போடாமல் ஓர் ஆணி அடிக்க முடியுமா?

மஸ்கெலியா மழை
பாதியை மட்டும் சொல்கிறீர்கள் ஐயா. வாடகைக்கு இருக்கிற ஏழைகளுக்காக அங்கே 2015இல் தனிச் சட்டமே வந்தது. தொடர்மாடியின் கூரையில் ஒரே தொகுதியாகப் போட்டு, வருகிற மின்சாரத்தில் பாதிக்கு மேலானதைக் குடியிருப்போரின் பில்களில் பங்கு பிரித்துக் கழிக்கிறார்கள். ஒரு லயத்தை யோசித்துப் பாருங்கள். ஒரே நீளக் கூரை, பத்துப் பன்னிரண்டு காம்பரா (அறை வீடு). இதைவிடப் பொருத்தமான கட்டடம் உலகத்தில் உண்டா?

குளிர்காற்று
கோயிலுக்கு மட்டும் எப்படி வந்தது? இந்திய உதவியில் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்கு, மொத்தம் 25 மெகாவாட், 2025 ஏப்ரலில் திறந்துவைத்தார்கள். சாமிக்கு சோலார், கும்பிடுகிறவனுக்குக் குப்பி விளக்கு.

ஹட்டன் சந்தி
அதைச் சொல்லுங்கள்! பழைய லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் தொடங்கியது. மேல் கொத்மலை 2012இல், 150 மெகாவாட். தண்ணீர் முழுவதும் நம் மலையில் விழுந்தது. கொழும்பில் விளக்கு எரிந்து எத்தனை காலத்துக்குப் பிறகு லயத்துக்கு வயர் வந்தது?

பழைய வயர்மேன்
ஆறு நாட்டுக்குப் பொது. உங்கள் கூரையில் பெய்கிற மழைக்கும் கூலி கேட்பீர்கள் போலிருக்கிறது.

மஸ்கெலியா மழை
கேட்டால் என்ன? அந்தத் தண்ணீர் நிற்பதற்காக வீடுவாசலை விட்டு எழும்பியவர்கள் இருக்கிறார்கள். கூலியாகத் தர வேண்டாம், கூரைக்கு ஒரு கையெழுத்தாவது தரலாம்.

லிந்துல அக்கா
இதற்கு வேறு இழை தொடங்குங்கள். தம்பி, மானியைப் பார்த்தாயா?

பொகவான்தம்பி
எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். சிவப்பு விளக்கு இன்னும் மினுக்குகிறது.

பழைய வயர்மேன்
திருட்டு. பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது இதுதான்.

மஸ்கெலியா மழை
பக்கத்து வீட்டோடு சண்டை மூட்டிவிடாதீர்கள். நனைந்த சுவரில் பழைய வயர் கசிந்தாலும் இப்படி வரும். தம்பி, கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற டிரிப் சுவிட்ச் விழுகிறதா? அது வேலை செய்கிறதா என்று சோதிக்கிற பொத்தானை எப்போதாவது அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா?

பழைய வயர்மேன்
கசிவு என்றால் சில நேரம் சுவரைத் தொட்டவுடன் தெரியும்.

லிந்துல அக்கா
தம்பி, சுவரைத் தொட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துப் பார். மினுக்குவது நின்றால் மின்சாரம் உங்கள் பக்கத்தில்தான் எங்கோ போகிறது. அங்கிருந்து கிளம்பும் வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கண்ணால் மட்டும் பார்த்து வா. வீட்டுக்கு வெளியேயும் பார். அந்தப் பெயர் விஷயத்தையும் விட்டுவிடாதே. பாட்டியின் மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் இரண்டையும் எடுத்துக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போய், வேறென்ன வேண்டும் என்று அங்கேயே கேள். நாளைக்கு உண்மையாகவே ஒரு திட்டம் வந்தால், இறந்தவர் பெயரிலா கேட்பாய்?

*(இரண்டு நாள் கழித்து)*

குளிர்காற்று
தம்பி என்ன ஆனார்?

பொகவான்தம்பி
மன்னிக்கவும், டேட்டா முடிந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டேன். லயத்துக்குப் பின்னால் அப்பா கோழிக்கூடு கட்டி, குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும் என்று பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார். இரவு ஆறிலிருந்து காலை ஆறு வரை. நான் பார்த்த நேரம் அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வயர் கூரைக்குள்ளால் போவதால் என் கண்ணில் படவில்லை. பல்பு ஒன்று என்ன எரித்துவிடப் போகிறது என்கிறார்.

மஸ்கெலியா மழை
60 வாட், 12 மணி நேரம், 31 நாள். 22.3 அலகு. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டால் பல்பு தேவைப்படாது. அதுவரை பெட்டியைச் சிறிதாக்கி, சாக்குப் போட்டு மூடி, மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரித்தால் 60க்குள் வருவதற்கு வழி இருக்கிறது. மூடுகிற சாக்கு பல்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீப்பிடிக்கும்.

பழைய வயர்மேன்
கோழி வளர்ப்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

லிந்துல அக்கா
படிவக்காரர் வந்தாரா?

பொகவான்தம்பி
வந்தார். 1987இல் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒன்றும் பேசாமல் மேல் லயத்துக்கு ஏறிப் போய்விட்டார்.

லிந்துல அக்கா
மேல் லயத்தில் யாரிடமாவது சொன்னாயா தம்பி?

லிந்துல அக்கா
தம்பி?