நேரோபோட்டில் நாயோடு குடியேறலாமா?

கரைதேடி எழுதியது:
வணக்கம். நானும் மனைவியும் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒப்பந்தம் முடியப்போகிறது, வீட்டுக்காரர் சொல்லும் புது வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கையிருப்புக்குத் தகுந்த மாதிரி கிராண்ட் யூனியன் கால்வாயில் 57 அடி நேரோபோட் (உள்ளேயே குடியிருக்கிற மாதிரி ஒடுக்கமான இரும்புப் படகு) ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். படகை நிரந்தரமாகக் கட்டி நிறுத்தச் சொந்தமாகத் துறை கிடையாது, அதனால் 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிற உரிமம்தான் எடுக்கவேண்டி வரும். எங்கள் இருவருக்கும் சம்மதம். மணியைத்தான் கேட்க முடியவில்லை. மூன்று வயது லாப்ரடார், 31 கிலோ. என் மாமா வீடியோ காலில் படகைப் பார்த்துவிட்டு "வாயில்லா ஜீவனைத் தகர டப்பாவுக்குள்ள அடைக்கப் போறியாடா" என்று கேட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. படகில் நாய் வைத்திருப்பவர்கள், கூடவே கூடாது என்பவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

நாலுசுவர் எழுதியது:
மாமா சொன்னதில் என்ன தப்பு? நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். மிட்லண்ட்ஸ் பக்கத்து லாக்குகளை, அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்குகிற கதவு வைத்த தொட்டிகளை, 18ஆம் நூற்றாண்டில் கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி 7 அடி அளவுக்குக் கட்டிவிட்டுப் போனார், அதற்குள் நுழையத்தான் இந்த ஒல்லி உடம்பு. உள்ளே பலகை எல்லாம் அடித்தபிறகு ஆறடி மிஞ்சினால் பெரிது. அதில் கட்டில், அடுப்பு, கழிவறை, இரண்டு மனிதர், அப்புறம் ஒரு லாப்ரடார். ராத்திரி 2 மணிக்கு நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் பின்கதவைத் திறந்து தோட்டத்தில் விட முடியாது, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாரைப் பிடித்தபடி நீங்களும் சேற்றில் இறங்கவேண்டும். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் 40 டிகிரி தாண்டியதே, அன்றைக்கு இரும்புப் படகுக்குள் இருந்த நாய்களை நினைத்துப் பாருங்கள். வாடகை மிச்சம் உங்களுக்கு. மணிக்கு என்ன மிச்சம்?

கரைக்காற்று எழுதியது:
மணிக்கு 4 மைல்! கால்வாயில் வேக வரம்பே அதுதான், உங்கள் நாய் பெயரிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

சிரிப்பு போகட்டும். நான் நாலு வருடமாக ஒரு கலப்பின நாயோடு படகில் இருக்கிறேன். அந்த வேகத்தில் நாய் கரையில் கூடவே நடந்து வரலாம். நான் சுக்கானைப் பிடிக்க, வீட்டுக்காரி அதைக் கூட்டிக்கொண்டு ஒரு லாக்கிலிருந்து அடுத்த லாக்குக்கு நடப்பாள், பல நாள் அவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்கள். இதற்கு முன்னால் வீட்டில் இருந்தபோது அதே நாய் காலை 8 முதல் மாலை 6 வரை ஜன்னலைப் பார்த்தபடி தனியாகக் கிடந்தது. அந்த வீட்டில் மூன்று அறை, தோட்டம் எல்லாம் இருந்தது.

குளிர்காலச் சாயங்காலம் ஒன்றைச் சொல்கிறேன். வெளியே நாலரைக்கே இருட்டிவிடும். அடுப்பில் புகையில்லா நிலக்கரி கனன்றுகொண்டிருக்கும், மேலே கெட்டில் முனகும், நாய் அடுப்புக்கு முன்னால் கிடக்கும், அதன் வயிற்று மயிரிலிருந்து ஆவி கிளம்பும். வாடை? சொல்லக்கூடாது, அப்படி ஒரு வாடை. ஈரக் கம்பளியும் கால்வாய்ச் சேறும் சேர்ந்து வேகிற மாதிரி. ஒரு நாளைக்கு மூன்று முறை அடுப்புச் சாம்பலோடு சேர்த்து நாய் மயிரையும் பெருக்குகிறேன், குளியலறைத் தண்ணீரை வெளியேற்றும் பம்பில் இரண்டு தடவை அந்த மயிர் அடைத்துக்கொண்டது. இதையெல்லாம் மறைக்கவில்லை.

வெயில் விஷயம் நாலுசுவர் சொல்வது உண்மை. வெயில் காலத்தில் மரத்தடியில்தான் கட்டுவோம். அங்கே நிறுத்தினால் கூரை மேல் இருக்கிற சோலார் தகடு செத்துவிடும், ஃபிரிட்ஜ் ஓட எஞ்சினைப் போட்டுக்கொண்டு உட்காரவேண்டும். நாய்க்கு நிழலா, பாலுக்குக் குளிரா என்று கேட்டால் நாய்க்குத்தான். கட்டங்காப்பி குடித்துப் பழகிவிட்டோம்.

நாலுசுவர் எழுதியது:
உங்கள் நாய் சந்தோஷமாக இருப்பதற்குக் காரணம் நீங்கள் நாள் முழுக்கக் கூடவே இருப்பது. அதைப் படகின் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் நாலாவது மாடியில் இருந்தாலும் நாய் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. லாப்ரடார் நன்றாக நீந்தும் என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். நீந்தும். ஏறுவது எப்படி? பல இடத்தில் கரை செங்குத்தான இரும்புத் தகடு, இல்லாவிட்டால் கல்சுவர். விழுந்த நாய் ஏற இடம் தேடித் தேடிக் களைத்துப் போகும்.

வடமராட்சியான் எழுதியது:
இதை நான் நேரில் பார்த்தவன், அதனால் எழுதுகிறேன். இதே கால்வாயில் ஸ்டோக் புரூயன் என்ற ஊரில், லாக்குக்குக் கீழே படகைக் கரை ஒதுக்கிக்கொண்டிருந்தோம், நண்பரின் ஸ்பானியல் நாய் அணியத்தில், படகின் முன்நுனியில் நின்றது. படகுக்கும் கரைக்கும் நடுவில் மூன்று அடி இருக்கும்போதே அவசரப்பட்டுப் பாய்ந்து, இடையில் விழுந்துவிட்டது. படகு பதினைந்து தொன்னுக்கு மேல், அது மெல்ல மெல்லக் கரையை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. நண்பர் உடனே கியரை எடுத்துவிட்டார், நான் கரையில் மல்லாந்து கிடந்து இரண்டு காலாலும் படகை உதைத்துத் தள்ளிப் பிடித்தேன். நாய்க்கு மிதவைச் சட்டை போட்டிருந்தது, முதுகில் பெட்டிக்கு இருப்பது போல ஒரு கைபிடி. அதில் கொக்கிக் கம்பை மாட்டித் தூக்கினோம். மேலே வந்த உடன் எங்கள் எல்லோர் மேலும் உதறிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய் ஒரு வாத்தைப் பார்த்துக் குரைத்தது. என் கை நடுக்கம் நிற்க அரை மணித்தியாலம் ஆனது.

அப்பப்பா கட்டுமரக்காரர், எங்கள் வீட்டு நாய்கள் எல்லாம் கடற்கரையில் வளர்ந்தவை. ஒரு நாயும் கடலில் இப்படி மாட்டியதில்லை, கடலுக்குச் சுவர் இல்லை என்பதால் இருக்கலாம். நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை தம்பி. கயிறு கட்டி முடியும்வரை நாய் உள்ளே, கதவு சாத்தியிருக்கவேண்டும். இது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஊசிபோடும்அக்கா எழுதியது:
கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கால்வாய் என்றால் எலி, எலி என்றால் லெப்டோஸ்பைரா என்கிற நோய்க்கிருமி. வருடா வருடம் அந்தத் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது, எலிமூத்திரம் கலந்த தண்ணீரில் இருந்து மனிதருக்கும் அது வரும். கோடையில் தண்ணீர் மேல் பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி பாசி மிதந்தால் நாயைக் கிட்டவே விடாதீர்கள், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு நாயைக் கொன்றுவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019லிருந்து படகில் கட்டாயம், பேட்டரியைச் சோதித்துக்கொண்டே இருங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது படிக்கட்டைப் பற்றி. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுத் தொந்தரவு அடிக்கடி வருகிற ஒன்று. இப்போது மூன்று வயது, குதித்து ஏறும். பத்து வயதில்? நேரோபோட்டின் பின்பக்கப் படி ஏணி மாதிரி நிற்கும், அகலம் ஒரு ஆளுக்குத்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவை 31 கிலோவைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி இறங்குவது யார்? முதுகு யாருடையது?

கரைக்காற்று எழுதியது:
அக்கா, இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் நாய் 12 கிலோ. முன்பக்கப் படி கொஞ்சம் சாய்வு, அங்கே பலகை போட்டுச் சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், லாப்ரடாருக்குப் போதுமா தெரியாது.

கரைதேடிக்கு இன்னொன்று, வாடகை மிச்சம் என்று ரொம்பக் கணக்குப் போடாதீர்கள். சொந்தத் துறை இல்லாதவர்களுக்கு 2024லிருந்து உரிமக் கட்டணம் கூடுதல். டீசல், நிலக்கரி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் கறுப்புப் பூசுவது, எல்லாம் இருக்கிறது.

கரைதேடி எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, விற்பவரிடம் கேட்டு நேற்று மணியையும் படகுக்குக் கூட்டிப்போனோம். பின்பக்கப் படியில் மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். தள்ளினாலும் வரவில்லை. மனைவி கீழே இருந்து சாசேஜ் காட்டினாள், எச்சில் ஒழுகியதே தவிர கால் நகரவில்லை. அப்புறம் முன்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனோம், அங்கே மூன்று படி, தடதடவென்று இறங்கி நேராக அணையாத அடுப்புக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டான். கிளம்பும்போது இழுத்துத்தான் வரவேண்டியிருந்தது. இதே நீளத்தில் ஒரு படகை ஜனவரியில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம், வாங்குவது அதற்குப் பிறகு.

நாலுசுவர் எழுதியது:
அடுப்பு முன்னால் எந்த நாய்தான் படுக்காது? ஜனவரியில் ராத்திரி 2 மணிக்கு இறக்கிவிட்டு வந்து எழுதுங்கள். எனக்கும் ஆசை இருக்கிறது, மறுக்கவில்லை. என் வீட்டுப் பூனை சம்மதிக்காது.

வடமராட்சியான் எழுதியது:
மிதவைச் சட்டை வாங்கும்போது கைபிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கோ. 31 கிலோவுக்குத் தையல் பிரியுதோ என்று கடையிலேயே பார்க்கவேணும்.